கோடிங் தெரியாமல் பயோமெடிக்கல் ஆன்டாலஜி கட்டுவது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மருத்துவம், நர்ஸிங், உயிரியல் படித்தவர்கள் இந்த வேலைக்குள் வரும்போது கேட்கிற கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன். உதாரணத்துக்கு முழுக்கப் பாம்புக்கடியையே எடுத்துக்கொள்கிறேன். உலக சுகாதார நிறுவனம் 2017-ல் அதைப் புறக்கணிக்கப்பட்ட வெப்பமண்டல நோய்களின் பட்டியலில் சேர்த்தது, தமிழ்நாடு அரசு 2024 நவம்பரில் மருத்துவமனைகள் கட்டாயம் அறிவிக்க வேண்டிய நோயாக்கியது. இனி தகவல் நிறைய வரும். வருகிற தகவல் ஒரே மொழியில் பேச வேண்டுமே, அதற்குத்தான் இதெல்லாம்.

ஆன்டாலஜி என்றால் என்ன? எக்ஸெலில் ஒரு பட்டியல் போட்டால் போதாதா?

ஒரு டாக்டர் "இமை சரிவு" என்று எழுதுவார், இன்னொருவர் "டோசிஸ்" என்பார், மூன்றாமவர் "பிளெஃபரோடோசிஸ்" என்று முழுப்பெயரைப் போடுவார். கம்ப்யூட்டருக்கு இவை மூன்றும் மூன்று வேறு விஷயங்கள். ஆன்டாலஜியில் அந்தக் கருத்துக்கு ஒரு நிரந்தர ஐடி, ஒரு வரையறை, மாற்றுப் பெயர்கள், அது எதற்குக் கீழே வருகிறது, வேறு எவற்றோடு என்ன உறவு என்பதெல்லாம் சேர்ந்தே இருக்கும். மனித நோய்க்குறிகளுக்கான எச்பிஓ என்ற ஆன்டாலஜியில் இமை சரிவின் ஐடி எச்பி:0000508. யார் எந்தப் பெயரில் எழுதினாலும் அந்த எண்ணோடு கட்டிவிட்டால் எல்லாம் ஒன்றாகிவிடும். "நரம்பு பாதிப்பு உள்ள நோயாளிகளை எல்லாம் எடு" என்று கேட்டால், அந்த வார்த்தையே எழுதப்படாத கேஸ் ஷீட்டும் வந்து நிற்கும், ஏனென்றால் படிநிலையில் அந்தக் குறி எதன் கீழே இருக்கிறது என்பது கம்ப்யூட்டருக்குத் தெரியும்.

எக்ஸெல் பட்டியல் மோசமில்லை, பல நல்ல ஆன்டாலஜிகள் அங்கிருந்துதான் தொடங்கியிருக்கின்றன. ஆனால் அதில் சொற்கள் இருக்கும், சொற்களுக்கு இடையே உள்ள உறவு உங்கள் தலைக்குள்தான் இருக்கும்.

கோடிங் தெரியாமல் நிஜமாகவே முடியுமா?

முடியும். சொற்களைச் சேர்ப்பது, வரையறை எழுதுவது, படிநிலை அமைப்பது, மற்ற ஆன்டாலஜியிலிருந்து சொற்களைக் கொண்டுவருவது, கூட்டாக விவாதிப்பது, வெளியிடுவது எல்லாவற்றையும் பிரவுசரிலேயே செய்யலாம். தானியங்கிச் சோதனைகளோடு மாதாமாதம் புதுப் பதிப்பு விடுகிற அளவுக்கு வளர்ந்தால், ஓடிகே, ரோபோட் மாதிரி கமாண்ட் லைன் கருவிகளைத் தெரிந்த ஒருவர் கூட இருப்பது நல்லது.

நான் இதில் அழுத்திச் சொல்ல விரும்புவது ஒன்றுதான். பாம்புக்கடி வார்டில் வேலை பார்க்கிற நர்ஸுக்கு, எது எதன் வகை, எது எதனால் வருகிறது என்பது நிரல் எழுதுகிறவரை விட நன்றாகத் தெரியும். அவர் கையில் கருவியைக் கொடுக்காமல் நிரலாளரிடம் கொடுத்து, நடுவில் ஒரு மொழிபெயர்ப்பாளரை உட்கார வைத்தால் வரையறைகள் கெட்டுப்போகும். வெப் கருவிகளின் பெரிய பயனே இதுதான்.

முதலில் எங்கே தொடங்குவது?

கட்டுவதில் தொடங்காதீர்கள், தேடுவதில் தொடங்குங்கள். ஐரோப்பிய உயிர்தகவலியல் நிறுவனத்தின் ஓஎல்எஸ், ஸ்டான்ஃபோர்டின் பயோபோர்ட்டல், மிச்சிகன் பல்கலைக்கழகத்திலிருந்து வருகிற ஆன்டோபீ, இந்த மூன்றும் இலவசம், மூன்றிலும் சொல்லைத் தட்டினால் அது எந்தெந்த ஆன்டாலஜியில் இருக்கிறது என்று வரும். பயோபோர்ட்டலில் ஆயிரத்துக்கும் மேல் ஆன்டாலஜிகள் இருக்கின்றன.

அதில் ரெகமென்டர் என்று ஒரு பகுதி இருக்கிறது, பலர் கவனிப்பதே இல்லை. உங்கள் கேஸ் ஷீட்டில் வருகிற மாதிரி ஒரு பத்தியை (பெயர், ஊர், உள்நோயாளி நம்பர் எல்லாவற்றையும் நீக்கிவிட்டு) ஒட்டினால், அந்தச் சொற்களில் பெரும்பகுதி எந்த ஆன்டாலஜிகளில் ஏற்கெனவே இருக்கிறது என்று வரிசைப்படுத்திச் சொல்லும். பாம்புக்கடியை எடுத்தால் நோய்க்குறிகள் எச்பிஓ-வில் கிடைக்கும், பாம்பு இனங்கள் என்சிபிஐ டாக்ஸானமியில் கிடைக்கும், உடல் உறுப்புகள் யூபெரானில் கிடைக்கும். கடைசியில் நீங்கள் புதிதாக உருவாக்க வேண்டியது நினைத்ததை விட மிகக் கொஞ்சமாக இருக்கும். அந்தக் கொஞ்சத்தைத்தான் நன்றாகச் செய்ய வேண்டும்.

சரி, எந்தக் கருவியில் கட்டுவது?

ஆரம்பிக்கிறவர்களுக்கு என் பதில் எப்போதும் வெப்புரோட்டேஜே. ஸ்டான்ஃபோர்டில் மார்க் மியூசன் 1980-களில் தொடங்கிய புரோட்டேஜே என்ற மென்பொருளின் பிரவுசர் வடிவம் இது. கணக்குத் தொடங்கினால் போதும், எதையும் நிறுவ வேண்டாம். உலக சுகாதார நிறுவனம் நோய்களின் சர்வதேச வகைப்பாடான ஐசிடி-11-ஐத் தயாரித்தபோது பல நாட்டு நிபுணர்கள் சேர்ந்து திருத்தியது இதை அடிப்படையாக வைத்து உருவாக்கிய ஐகேட் என்ற கருவியில்தான். அதனால் இது சின்ன வேலைக்கு மட்டும் ஆகும் என்ற சந்தேகம் வேண்டாம்.

உள்ளே போனதும் இடப்பக்கம் படிநிலை மரம், நடுவில் நீங்கள் தேர்ந்தெடுத்த சொல்லின் விவரங்கள், பக்கத்தில் கருத்துகளும் மாற்ற வரலாறும் தெரியும். ஒவ்வொரு மாற்றத்தையும் யார், எப்போது செய்தார் என்று பதிவாகும், வேண்டாம் என்றால் திருப்பிவிடலாம். ஒருவருக்குப் பார்க்க மட்டும், இன்னொருவருக்குக் கருத்துச் சொல்ல மட்டும், மற்றொருவருக்குத் திருத்தவும் என்று தனித்தனியாக அனுமதி கொடுக்கலாம். துறையின் மூத்த பேராசிரியருக்குக் கருத்துச் சொல்லும் அனுமதி கொடுத்துவிட்டு, திருத்துகிற வேலையை இரண்டு மூன்று பேரோடு நிறுத்திக்கொள்வது நல்லது. பத்துப் பேர் ஒரே நேரத்தில் மரத்தை நகர்த்தினால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.

படிநிலை அமைக்கும்போது எங்கே தவறு வரும்?

பெயரை வைத்து வகைப்படுத்தும்போது. நம்மூர் உதாரணமே இருக்கிறது. இந்தியாவில் பெரும்பாலான மரணங்களுக்குக் காரணம் என்று சொல்லப்படுகிற நான்கு பாம்புகள்: நல்ல பாம்பு, கட்டு விரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன். இதைப் பார்த்ததும் "விரியன்" என்று ஒரு கிளாஸ் (ஆன்டாலஜியில் ஒரு வகைக்குப் பெயர் இது) போட்டு மூன்றையும் அதன் கீழே தள்ளத் தோன்றும். ஆனால் கட்டு விரியன் விரியன் குடும்பமே இல்லை, அது நல்ல பாம்பு இருக்கும் எலாபிடே குடும்பம். மற்ற இரண்டும்தான் வைபரிடே.

இது வெறும் விலங்கியல் நுணுக்கம் இல்லை. "விரியன் கடித்தால் ரத்தம் உறைவதில் கோளாறு வரும்" என்று மேலே ஓர் உறவைப் போட்டால், அது கீழே உள்ள எல்லாவற்றுக்கும் இறங்கும், அதுதான் ஆன்டாலஜியின் இயல்பு. கட்டு விரியனின் நஞ்சோ நரம்பைத் தாக்குவது. இரவில் தரையில் படுத்திருப்பவரைக் கடிக்கும், பல நேரம் வலியோ வீக்கமோ இருக்காது, காலையில் இமை சரிந்து, மூச்சுத் திணறலோடுதான் வருவார்கள். தவறான இடத்தில் வைத்த ஒரு கிளாஸ், இந்த நோயாளிகளை எல்லாம் தவறான கூடையில் எண்ணிவிடும். அதனால் ஒவ்வொரு சொல்லையும் வைக்கும்போது "இதில் அடங்கும் ஒவ்வொன்றும், விதிவிலக்கே இல்லாமல், மேலே உள்ளதன் வகையா?" என்று கேளுங்கள். ஒரு விதிவிலக்கு இருந்தாலும் இடம் தவறு.

இன்னொரு வகைத் தவறு, தொடர்புடையதை எல்லாம் வகையாக்குவது. "நஞ்சேற்றம்" என்பதைப் "பாம்புக்கடி"யின் கீழே போடுவார்கள். நஞ்சே இறங்காத கடியும் உண்டு, டிரை பைட் என்று வார்டில் சொல்வது அதைத்தான். கடி ஒரு நிகழ்வு, நஞ்சேற்றம் அதனால் சிலருக்கு வருகிற நிலை. இரண்டையும் தனித்தனியாக வைத்து, நடுவில் காரண உறவைப் போட வேண்டும்.

"பெரும்பாலும்", "சில சமயம்" இதையெல்லாம் எப்படிப் பதிவது?

ஆவுல் மொழியில் (ஆன்டாலஜிகள் சேமிக்கப்படும் வடிவம் இது, 2004-ல் இணையத் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி தரமாக்கியது) "பெரும்பாலும்" என்று நேரடியாகச் சொல்ல வழியில்லை. ஒரு கிளாஸுக்குச் சொல்வது அதன் எல்லா உறுப்புக்கும் பொருந்த வேண்டும்.

கண்ணாடி விரியனைப் பாருங்கள். ரத்த உறைவுக் கோளாறு, சிறுநீரகப் பாதிப்பு என்று பாடத்தில் இருக்கும். ஆனால் இலங்கையில் கண்ணாடி விரியன் கடித்தவர்களுக்கு இமை சரிவும் வருவது நன்றாகத் தெரிந்த விஷயம். "நரம்பு பாதிப்பு உண்டாக்கும் கடியும் ரத்தப் பாதிப்பு உண்டாக்கும் கடியும் ஒன்றோடொன்று சேராது" என்று யாராவது ஆர்வத்தில் பதிந்துவிட்டால், யாழ்ப்பாணத்திலிருந்து வருகிற கேஸ் ஷீட் அந்த ஆன்டாலஜியில் முரண்பாடாகத் தெரியும். எனவே எப்போதும் உண்மையானதை மட்டும் ஆன்டாலஜியில் வையுங்கள், "எத்தனை பேருக்கு" என்பதைத் தனி அட்டவணையில் வைத்து ஐடியால் இணையுங்கள். எச்பிஓ குழுவும் அப்படித்தான் செய்கிறது: எந்த நோயில் எந்தக் குறி எவ்வளவு அடிக்கடி வரும் என்பது தனிக் கோப்பு.

வரையறை எழுத ஏதாவது முறை இருக்கிறதா?

"அ என்பது இ-யில் ஒரு வகை, மற்ற இ-க்களிலிருந்து அதைப் பிரிப்பது உ." இந்த அச்சிலேயே எழுதுங்கள். 20 நிமிட ரத்த உறைவுச் சோதனையை எடுப்போம். "ரத்தம் உறைகிறதா என்று பார்ப்பது" என்று எழுதினால் அதற்குள் இன்னும் நாலைந்து சோதனைகள் வந்துவிடும். இப்படி எழுதலாம்: "புதிதாக எடுத்த சிரை ரத்தத்தைச் சுத்தமான, உலர்ந்த கண்ணாடிக் குழாயில் 20 நிமிடம் அசைக்காமல் வைத்து, பிறகு சாய்த்துப் பார்த்து உறைந்ததா என்று கண்டறியும் ரத்த உறைவுச் சோதனை."

"கண்ணாடி" என்ற சொல் அங்கே தேவைதான். பிளாஸ்டிக் குழாயில் உறைதல் சரியாகத் தூண்டப்படாது, முடிவு பொய்யாக வரும். அந்தச் சோதனையை ஒருமுறையாவது செய்தவர்தான் இதை வரையறையில் எழுதுவார். அப்புறம், சோதனை, சோதனையின் முடிவு, முடிவு காட்டுகிற உறைவுக் கோளாறு, இவை மூன்று தனிக் கிளாஸ்கள். பேச்சில் மூன்றையும் "20 மினிட்ஸ் பாசிட்டிவ்" என்று ஒன்றாகச் சொல்லிவிடுகிறோம், ஆன்டாலஜியில் அது செல்லாது.

மற்ற ஆன்டாலஜியின் சொற்களை என் கோப்புக்குள் எப்படிக் கொண்டுவருவது?

முழு ஆன்டாலஜியையும் இறக்க வேண்டாம். என்சிபிஐ டாக்ஸானமியில் இருபது லட்சத்துக்கும் மேல் பதிவுகள் இருக்கின்றன, உங்களுக்கு வேண்டியதோ நாலு பாம்பு. இதற்காகவே இருப்பது ஆன்டோஃபாக்ஸ், ஆன்டோபீயை உருவாக்கிய அதே மிச்சிகன் குழுவின் கருவி. பக்கத்தைத் திறந்து, மூல ஆன்டாலஜியைத் தேர்ந்தெடுத்து, வேண்டிய சொற்களின் முகவரிகளை ஒட்டி, மேலே எதுவரை போக வேண்டும் என்று சொன்னால் (இங்கே "பாம்புகள்" வரை என்று வைத்துக்கொள்ளலாம்) அந்தத் துண்டை மட்டும் வெட்டி ஒரு ஆவுல் கோப்பாகக் கொடுக்கும். நடுவில் உள்ள படிகள் எல்லாம் வேண்டுமா, கிளை பிரிகிற இடங்கள் மட்டும் போதுமா, எதுவுமே வேண்டாமா என்றும் கேட்கும். கிளை பிரிகிற இடங்கள் மட்டும் போதும். மேலே சொன்ன எலாபிடே, வைபரிடே பிரிவு தானாகவே சரியாக வந்து உட்காரும். அந்தக் கோப்பை வெப்புரோட்டேஜேயில் ஏற்றி இணைத்துக்கொள்ளுங்கள். ஐடியை மட்டும் மாற்றவே மாற்றாதீர்கள், மாற்றினால் கொண்டுவந்ததற்கே பொருளில்லை.

நூற்றுக்கணக்கான சொற்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றாகத் தட்ட வேண்டுமா?

வேண்டாம். வெப்புரோட்டேஜேயில் புதுக் கிளாஸ் உருவாக்கும் பெட்டியில் வரிக்கு ஒரு சொல்லாக ஒட்டினால் எல்லாம் ஒரே தாய்க் கிளாஸின் கீழ் வந்துவிடும். வரையறை, மாற்றுப் பெயர் எல்லாம் சேர்த்துக் கொண்டுவர வேண்டுமானால் ரோபோட்டின் அட்டவணை முறை நல்லது: கூகுள் ஷீட்டில் நெடுவரிசைக்கு ஒரு பண்பாக நிரப்புகிறீர்கள், தலைப்புக்குக் கீழே இரண்டாவது வரிசையில் ஒவ்வொரு நெடுவரிசையும் எதைக் குறிக்கிறது என்று ஒரு குறியீடு, அவ்வளவுதான். அதை ஆவுலாக மாற்றும் கட்டளையை மட்டும் தெரிந்த ஒருவர் ஓட்டிக் கொடுக்க வேண்டும். ஒரே அச்சில் வருகிற சொற்கள் நிறைய இருந்தால் ("இன்ன பாம்பின் கடியால் வந்த நஞ்சேற்றம்" என்பது போல) இந்த முறைதான் சரி, ஏனென்றால் கையால் எழுதும்போது பத்தாவது வரையறையிலேயே வாசகம் மாறத் தொடங்கிவிடும்.

ஐடி எப்படி வைக்க வேண்டும்?

பொருளில்லாத எண்ணாக. சொல்லையே ஐடியாக வைத்தால், நாளைக்குப் பெயர் மாறும்போது மாட்டிக்கொள்வீர்கள். வெப்புரோட்டேஜேயின் புராஜெக்ட் அமைப்பில் முன்னொட்டும் எண்ணும் சேர்ந்த ஓபிஓ (திறந்த பயோமெடிக்கல் ஆன்டாலஜிகளின் கூட்டமைப்பு) பாணியைத் தேர்ந்தெடுக்கலாம், ஒவ்வொருவருக்கும் தனி எண் வரம்பும் கொடுக்கலாம். முதல் சொல்லைப் போடும் முன்பே இதைச் செய்துவிடுங்கள். வெளியிட்ட ஐடியை நீக்கக் கூடாது, வழக்கொழிந்தது என்று குறித்து, பதிலாக எதைப் பயன்படுத்த வேண்டும் என்று எழுத வேண்டும்.

முரண்பாடு இருக்கிறதா என்று யார் சரிபார்ப்பது?

ரீசனர் என்கிற நிரல். இதற்கு மட்டும் கோப்பை இறக்கி, கம்ப்யூட்டரில் நிறுவுகிற புரோட்டேஜேயில் திறப்பது நல்லது, ஹெர்மிட் என்ற ரீசனர் அதோடேயே வரும். மெனுவில் ஒரு சொடுக்கு, கோடிங் இல்லை. சிவப்பில் காட்டுகிற கிளாஸ்கள் முரண்பட்டவை. வாரத்துக்கு ஒருமுறை செய்யுங்கள், கடைசியில் மொத்தமாகச் செய்தால் எங்கிருந்து பிரச்சினை வந்தது என்று கண்டுபிடிக்கவே முடியாது.

தமிழில் பெயர்கள் சேர்க்கலாமா?

தாராளமாக. ஒவ்வொரு பெயருக்கும் மொழிக் குறி உண்டு, தமிழுக்கு "டிஏ" என்ற இரண்டெழுத்து. வெப்புரோட்டேஜேயில் எந்த மொழிப் பெயரைக் காட்ட வேண்டும் என்றும் தேர்ந்தெடுக்கலாம். ஊருக்கு ஊர் மாறும் பாம்புப் பெயர்களை மாற்றுப் பெயராகச் சேருங்கள், நோயாளி சொல்வது அந்தப் பெயரைத்தான். ஒரே உள்ளூர்ப் பெயர் இரண்டு பாம்புக்கு வழங்கினால் இரண்டிலும் போடுங்கள், ஆனால் "சரியான இணை" என்று குறிக்காமல் "தொடர்புடையது" என்று குறியுங்கள்.

எனக்கு ஒரே ஒரு சொல்தான் விடுபட்டிருக்கிறது. அதற்காக ஆன்டாலஜி கட்டணுமா?

கூடவே கூடாது. எச்பிஓ, ஜீன் ஆன்டாலஜி எல்லாவற்றுக்கும் கோப்புகளையும் கோரிக்கைகளையும் பொதுவில் வைக்கும் கிட்ஹப் தளத்தில் பக்கம் இருக்கிறது. இலவசக் கணக்கு தொடங்கி, புதுச் சொல் கோரிக்கை என்று ஒரு பதிவு போடுங்கள்: பெயர், வரையறை, எதன் கீழே வர வேண்டும், ஆதாரமாக ஒரு கட்டுரை. நன்றாக எழுதிய கோரிக்கைக்குப் பெரும்பாலும் மரியாதையான பதில் வரும். இப்படிச் சேர்ந்த ஒரு சொல், யாரும் திறக்காத தனி ஆன்டாலஜியில் இருக்கும் ஆயிரம் சொற்களை விடப் பயன்படும்.

ஏஐ-யிடம் கேட்டே எல்லாவற்றையும் வாங்கிவிடலாமே?

வரையறையின் முதல் வரைவுக்கும் மாற்றுப் பெயர்கள் தேடவும் பயன்படுத்துங்கள். ஐடியை மட்டும் நம்பாதீர்கள். பார்க்க அச்சு அசலாக இருக்கும், ஓஎல்எஸ்-இல் தட்டினால் அது வேறு ஏதோ நோயாக இருக்கும், அல்லது இருக்கவே இருக்காது. ஒவ்வோர் ஐடியையும் திறந்து, பெயரும் வரையறையும் பொருந்துகிறதா என்று கண்ணால் பார்த்த பிறகே சேருங்கள்.

ஸ்னோமெட், ஐசிடி இருக்கும்போது இது எதற்கு?

அவற்றின் வேலை வேறு. ஐசிடி நோய்களை எண்ணுவதற்கு, ஒரு மரணம் ஒரு பெட்டியில்தான் விழ வேண்டும். ஐசிடி-11-இல் ஆயுர்வேதம், சித்தம், யுனானிக்கான பகுதியும் 2024 ஜனவரியில் வெளியானது, சித்த மருத்துவத்தில் வேலை செய்கிறவர்கள் அங்கிருந்து தொடங்கலாம். ஸ்னோமெட் என்ற மருத்துவச் சொற்தொகுப்பு சிகிச்சைப் பதிவேடுகளுக்கு. அது உரிமம் உள்ளது, ஆனால் இந்தியா 2014-லிருந்து உறுப்பு நாடு என்பதால் இங்கே கட்டணமில்லாமல் பெறலாம், புனேயிலுள்ள சிடாக் என்ற அரசு கணினி ஆராய்ச்சி நிறுவனத்தில் இதற்கான தேசிய மையம் இருக்கிறது. உரிமத்தைப் படிக்காமல் ஸ்னோமெட் சொற்களை அப்படியே உங்கள் திறந்த ஆன்டாலஜியில் ஒட்டாதீர்கள். ஐடிகளை இணைத்துக் காட்டும் அட்டவணையாக வைக்க நினைத்தாலும் விதியைப் பார்த்துவிட்டுச் செய்யுங்கள்.

நோயாளிகளின் தகவலை இதில் ஏற்றலாமா?

கூடாது. ஆன்டாலஜியில் வருவது வகைகள் மட்டுமே, தனி மனிதர்கள் வர மாட்டார்கள். உதாரணக் குறிப்பில்கூட உண்மையான கேஸ் விவரம் வேண்டாம்.

முடித்ததும் எங்கே வெளியிடுவது?

பயோபோர்ட்டலில் கணக்கு இருந்தால் நீங்களே பதிவேற்றலாம், யாருடைய ஒப்புதலும் வேண்டாம். ஓபிஓ ஃபவுண்டரியில் சேர்ப்பது கொஞ்சம் கடினம்: திறந்த உரிமம், பெரும்பாலான சொற்களுக்கு எழுத்து வரையறை, மற்றவர்களின் எல்லைக்குள் நுழையாமை, பராமரிக்கப் பெயர் சொல்லி ஒருவர் என்று நிபந்தனைகள் உண்டு, பரிசீலித்துக் கேள்விகளும் கேட்பார்கள். அந்தக் கேள்விகளுக்காகவே விண்ணப்பிக்கலாம் என்பேன். எங்கே போட்டாலும் பதிப்புத் தேதியையும் உரிமத்தையும் கோப்புக்குள்ளேயே எழுதிவிடுங்கள். பலரும் அதை இணையப் பக்கத்தில் மட்டும் எழுதுகிறார்கள், கோப்பு கைமாறும்போது அந்தத் தகவல் கூட வருவதில்லை.

நான் வேலை மாறிப் போய்விட்டால்?

புராஜெக்ட்டை நிர்வகிக்கும் அனுமதியைத் தொடக்கத்திலிருந்தே இரண்டு பேருக்குக் கொடுத்து வையுங்கள், அதில் ஒருவர் மாணவராக இல்லாமல் பணியிலிருப்பவராக இருக்கட்டும். ஒவ்வொரு பதிப்பு வெளியானதும் ஆவுல் கோப்பை இறக்கி, கிட்ஹப்பிலும் ஒரு பிரதி போட்டுவிடுங்கள்.